உரிமையியலா, குற்றவியலா: இளம் வழக்கறிஞரின் முதல் தேர்வு

பார் கவுன்சிலில் பதிவு செய்து, மூத்தவர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்பவர் விரைவிலேயே எதிர்கொள்ளும் கேள்வி இது.

உரிமையியலில் பெரும்பாலான வேலை காகிதத்தில் நடக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு இணங்க, வழக்கைத் தொடங்கும் மனுவான வழக்குரையை வரையத் தெரிந்தவரே நிலைப்பார். அதில் சொல்லாமல் விட்டதைப் பின்னர் சாட்சியத்தால் மட்டும் நிரப்ப இயலாது. தீர்ப்பாணை கிடைத்த பிறகும் அதைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு தனியே உண்டு என்பதால், கட்சிக்காரரின் பேரன் காலம்வரை நீளும் வழக்குகளும் இருக்கின்றன.

குற்றவியலில் நாட்கணக்கே ஆயுதம். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், பிணை கேட்பது உரிமையாகிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த மூத்தவர்களும் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். புதியவருக்கு இது நல்ல வாய்ப்பு.

பிணை மனுக்களால் கையில் காசு சீக்கிரம் புரளும் என்பது உண்மைதான். ஆயினும், முதல் சில ஆண்டுகளை உரிமையியலில் கழிப்பதையே நான் பரிந்துரைப்பேன். அங்கு பழகும் வரைவுத் திறன் குற்றவியல் மேல்முறையீட்டிலும் உதவும்.