கார்டென் கேட்: ஆறு ஆண்டுத் துருவும் கீழ்ச்சட்டக் கூலியும்

குலசேகரத்தில் வீடு கட்டும் நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "உங்கள் வீட்டு கேட்டைப் போல நானும் கார்டென் தகட்டில் போடலாமா?" கார்டென் (Cor-Ten) என்பது மேலே படியும் துருவையே காப்பாக வைத்துக்கொள்ளும் ஒரு வகை எஃகு. நல்ல நாள் பார்த்துத்தான் கேட்டார். அன்று காலையில்தான் கேட்டின் கீழ்ச்சட்டத்தை அறுத்தெடுத்துப் புதிதாகப் பற்றவைத்த கூலியை எண்ணிக் கொடுத்திருந்தேன்.

எங்கள் வீடு நீரோடிப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புதான் இருக்கிறது. "துருவே இதற்குப் பெயிண்ட்" என்று சொல்லி விற்றார்கள். அது பொய்யில்லை. செம்பு, குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் சிறிதளவு சேர்ந்த இந்த எஃகு 1933இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்து மேலே படியும் துரு நாளடைவில் இறுகி, அடியிலுள்ள இரும்பைக் காக்கிறது.

வெளிப்பக்கத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முதல் ஆண்டு ஆரஞ்சு நிறத்தில் பல்லிளித்தது, வாசல்படி ஓடெல்லாம் கறையாக்கியது. "பெயிண்டுக்குக் காசு போதவில்லையா மக்களே?" என்று அம்மா கேட்டார். மூன்றாம் ஆண்டில் கருப்பட்டி நிறத்துக்கு வந்தது. இப்போது வேட்டியோடு சாய்ந்து நின்றாலும் ஒட்டுவதில்லை. இடவப்பாதி மழை மேற்கிலிருந்து சாய்ந்தடித்து உப்பைக் கழுவிவிட்ட பிறகு வெயில் வந்தால், அதன் அழகை நின்று பார்க்கலாம்.

உள்பக்கம் வேறு கதை. கேட்டுக்கு மேலே ஆசையாகப் படிப்புரை கட்டினேன். அதன் ஓட்டுக்கூரை மழையை மறைக்கிறது, காற்றை மறைப்பதில்லை. உப்பு வந்து படிகிறது, கழுவ ஆளில்லை. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தகடு முழுதாகக் காய்வதே இல்லை. போதாததற்கு, குளோரைடு மிகுந்த இடத்தில் அகாகனைட் என்ற வேறு வகைத் துரு உருவாகிறது. அது இறுகாது, பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். கீலருகே நகத்தால் நெம்பினேன். நாணயத் தடிமனில் ஒரு துண்டு கையோடு வந்தது. அதற்கடியில் இன்னொன்று காத்திருந்தது.

ஏமாந்தது நான் மட்டுமில்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல். ஹொனலுலுவில் 1975இல் திறந்த அலோஹா ஸ்டேடியத்தையும் இதே நம்பிக்கையில்தான் கட்டினார்கள். கடற்காற்றில் துரு நிற்காமல் பழுதுபார்ப்பிலேயே பணம் கரைந்தது. ஜப்பானில் கடலோரத்துக்கென்றே 3 சதவீத அளவில் நிக்கல் சேர்த்த தனி எஃகு செய்திருக்கிறார்கள். இங்கே கடையில் அதைக் கேட்டால் "எவர்சில்வரா சார்?" என்கிறார்கள்.

ஆகவே சனிக்கிழமைதோறும் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டின் உள்பக்கத்துக்கு நானே மழை பெய்கிறேன். பெயிண்ட் அடிக்கும் வேலை மிச்சம் என்று வாங்கிய பொருள் இது!

நண்பரிடம் கொட்டித் தீர்த்தேன். "உங்கள் ஊரில் உப்பில்லை, சரி. ஆனால் ரப்பர் மர நிழலில் தகடு எப்போது காயும்? மேலே கூரை வேண்டாம், கீழே தண்ணீர் தேங்கும் குழாய்ச் சட்டம் வேண்டாம். உண்மையில் கார்டெனே வேண்டாம்."

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புதுச் சட்டத்துக்கு என்ன போட்டீர்கள்?" என்றார்.

கார்டென்தான். வேறு எதைப் போட்டாலும் அந்தக் கருப்பட்டி நிறம் வராதே.