சென்னை–திருச்சி சாலையும் வேக வரம்பும்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

இந்த முறை ஊருக்கு வந்தபோது சென்னை விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு ஓட்டுநருடன் வாடகைக் கார் அமர்த்திக்கொண்டோம். மஞ்சள் போர்டு வண்டி என்பதால் அதில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்ததும் ஓன் போர்டு (சொந்த உபயோக) கார்கள் எங்களை இரு பக்கமும் உரசுவதுபோல் முந்திச் சென்றன. "எண்பதுல போறதுதான் சார் இங்க ரிஸ்க்கு, பின்னாடி வர்றவன் லைட்ட அடிச்சே ஓரங்கட்டிருவான்" என்றார் ஓட்டுநர். விழுப்புரம் வருவதற்குள் அவர் சொன்னது புரிந்துவிட்டது.

வரம்பு என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70 என்று உச்ச வேகத்தை உயர்த்தியது. விபத்தில் உடல் செயலிழந்த ஒருவரின் இழப்பீட்டு மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021இல் அந்த அறிவிக்கையையே ரத்து செய்து, வேகத்தைக் குறைத்துப் புதிதாக அறிவிக்கச் சொன்னது; சாலைகளும் என்ஜின்களும் மேம்பட்டுவிட்டன என்ற அரசின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. சென்னை மாநகருக்குள்ளோ 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30 என்று தனியாக நிர்ணயித்தது. இத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டு எந்த ஓட்டுநரும் வண்டி ஓட்டுவதில்லை. எந்த இடத்தில் கேமரா இருக்கிறது, எந்தப் பாலத்தடியில் காவல்துறை வண்டி நிற்கும் என்பதுதான் அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாடம்.

திருச்சியிலிருந்து திரும்பும்போது மச்சானின் காரில் வந்தோம். அவருடைய மகன் ஓட்டினான். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120ஐத் தாண்டினால் நிற்காமலும் எச்சரிக்கை ஒலி வரவேண்டும் என்பது விதி. பாடாலூர் தாண்டியதும் அந்த நிற்காத ஒலியே வந்தது. பையன் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான். நான் சொன்ன பிறகு 90க்கு இறங்கினான், பெரம்பலூர் வரை.

ஆனாலும் நேர்ச்சாலையில் 100இல் போகும் காரைவிட எனக்கு அதிகம் அச்சமூட்டியவை வேறு. சுமை லாரிகள் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு நகராததால் எல்லாரும் இடப்பக்கமாக முந்துகிறார்கள். அதே இடது ஓரத்தில்தான், அடுத்த திருப்பம் வரை சுற்றிப் போக மனமில்லாத இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் வருகின்றன. உளுந்தூர்பேட்டைக்கு அருகே பால் கேன்கள் கட்டிய ஒரு வண்டி முகப்பு விளக்குகூட இல்லாமல் எங்களை நோக்கி வந்தது. திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு எதிர்த்திசையில் ஓட்டுவதையும், கையில் கைப்பேசியுடன் ஓட்டுவதையும், விதிக்கு மாறாக முந்துவதையும் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். பால்காரரை யாரும் நிறுத்தவில்லை.

சட்டத்தின் கடுமைக்கு இங்கே குறைவில்லை. அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 5 ஆண்டு. மோதி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை என்ற உட்பிரிவு மட்டும், லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, அமலுக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது.

நான் வசிக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் சில நெடுஞ்சாலைப் பகுதிகளில் வரம்பை 100இலிருந்து 110ஆக 2022இலும் 2024இலும் உயர்த்தினார்கள். அதைத் துணிந்து செய்ய முடிந்ததற்கு, என் கணக்கில், அங்குள்ள இன்னொரு விதிதான் காரணம். நெடுஞ்சாலையில் வரம்பைவிட 50 கிலோமீட்டர் கூடுதலாகப் போய்ப் பிடிபட்டால் காவலர் அந்த இடத்திலேயே உரிமத்தை 30 நாளுக்கு முடக்கி, வண்டியை 14 நாளுக்கு இழுத்துச் சென்றுவிடுவார். வண்டி யாருடையது என்ற கேள்வியே இல்லை.

ஊரில் பாராட்டவேண்டியதும் உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும் என்பதை நம்மைப் போன்றவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சென்னை வந்து சில நாள் கழித்து மச்சானின் கைப்பேசிக்கு இ-சலான் வந்தது: அதிவேகம், 1,000 ரூபாய். காபி ஆறுவதற்குள் இணையத்தில் கட்டி முடித்துவிட்டார். சேவை என்ற அளவில் குறையே சொல்ல முடியாது. இரண்டாம் முறை பிடிபட்டால் ஓட்டுநரின் உரிமத்தைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கேமரா படித்தது வண்டி எண்ணை. சலான் வந்ததும் பணம் போனதும் மச்சானுக்கு, அவர் அன்று பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார்.