'பாஸ் கிட்' பெட்டி: பெங்களூரு ஏரிக்கு எது பயன்படும், எது வீண்

பெங்களூரில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் 'பாஸ் கிட்' என்ற பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறது. பெரும்பாலும் பிராண்ட் பெயரே இருக்காது. தவளை லூர் (லூர் என்றால் செயற்கை இரை), தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட், கெட்டி பிளாஸ்டிக்கில் மீன் வடிவ கிராங்க்பெய்ட், ரப்பர் புழு, உள்ளே கூடான ரப்பர் லூரான டியூப், கழுத்தில் வளைவுள்ள ஆஃப்செட் கொக்கி, துப்பாக்கித் தோட்டா வடிவ ஈயம் ஆகியவை உள்ளே இருக்கும். பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன்; நம் ஏரிகளில் அது கிடையாது. ஓட்டல்களில் 'சீ பாஸ்' என்று பரிமாறும் கொடுவா வேறு குடும்பத்து மீன். பாஸ் இங்கே இல்லாமல் இருப்பதே நல்லது. 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்ட லார்ஜ்மவுத் பாஸ், இன்று அந்நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும் ஆக்கிரமிப்பு இனம்.

இருந்தாலும் இந்தப் பெட்டியில் பாதி சாமான் விராலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். எந்தப் பாதி என்பது, ஒவ்வொரு லூரும் எந்த பாஸுக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பாஸ் வகைகளில் லார்ஜ்மவுத்தின் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். உடம்பில் நீளவாக்கில் கறுப்புப் பட்டை இருக்கும். வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த, பாசி அடர்ந்த நீரில் ஒளிந்திருந்து பாயும். ஸ்மால்மவுத்துக்குத் தாடை கண்ணைத் தாண்டாது; வெண்கல நிற உடம்பில் குறுக்குக் கோடுகள்; குளிர்ந்த, தெளிந்த நீரும் பாறையும்தான் அதன் இடம். ஸ்பாட்டட் பாஸ் பார்வைக்கு லார்ஜ்மவுத் போலவே இருக்கும். ஆனால் வயிற்றுப் பக்கம் வரிசையாகப் புள்ளிகளும், நாக்கில் சொரசொரப்பான திட்டும் இருந்தால் அது ஸ்பாட்டட்.

விரால் வாழ்வதும் வேட்டையாடுவதும் லார்ஜ்மவுத் போலத்தான். ஆகாயத்தாமரை ஓரம், அல்லி இலை இடுக்கு, கோரை மறைவு. ஆகவே தவளை லூரும் ரப்பர் புழுவும் நமக்கு. டியூப் பாறை ஆறுகளுக்கு.

பெட்டியின் உயிர் தவளை லூர்தான், ஆனால் அப்படியே போட்டால் ஏமாற்றும். முதல் குறை, கொக்கி வெளியே வரும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் லூர் மூழ்கத் தொடங்குவது. நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை பிழிந்து விடுங்கள். துளையைச் சுற்றி ரப்பர் பசை ஒரு சொட்டு வைத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, இரட்டைக் கொக்கி உடம்போடு ஒட்டிப் படிந்திருப்பதால் விராலின் கெட்டியான வாயில் ஏறாது. குறடால் இரண்டு முனைகளையும் 2 மில்லிமீட்டர் மட்டும் மேலே தூக்கி விடுங்கள். அதற்கு மேல் தூக்கினால் பாசியை வாரிக்கொண்டு வரும். குறடு பிடிக்கும்போதே கம்பி எளிதாக வளைந்தால் அந்தக் கொக்கியை நம்ப வேண்டாம். பெரிய விரால் அதை நிமிர்த்திவிடும்.

தூண்டில் நரம்பு 40 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னிய நூல்), லூரைக் கட்ட பாலோமர் முடிச்சு, ரீலின் டிராக் (நரம்பு உருவிப் போகாமல் பிடிக்கும் பிரேக்) நன்றாக இறுக்கியது. ஃப்ளோரோகார்பன் நரம்பு நீரில் அமிழ்ந்து லூரின் மூக்கைக் கீழே இழுக்கும், தவளைக்கு ஆகாது. கோல் 7 அடி, ஹெவி (விறைப்பான வகை). மெலிந்த கோலால் மீனைப் பாசிக்கு மேலே தூக்க முடியாது, அது தலையைச் செடிக்குள் புதைத்துவிடும். இலை மேல் இரண்டு துள்ளல், ஓரத்தில் ஒரு நிறுத்தம். விரால் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் உடனே இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒன்றிரண்டு நொடி பொறுத்து, நரம்பில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள்.

ரப்பர் புழுவுக்கு 3/0 அளவு ஆஃப்செட் கொக்கியும் 5 முதல் 7 கிராம் ஈயமும் சரி. புழுவைக் கோணலாகக் கோர்த்தால் நீரில் சுழன்று நரம்பை முறுக்கும். தொங்கவிட்டால் நேர்கோடாக நிற்க வேண்டும். கொக்கி முனை புழுவின் தோலுக்குள் லேசாகப் புதைந்திருக்கட்டும். புழுக்களை கிராங்க்பெய்ட்டோடு ஒரே அறையில் போட்டு வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். இந்தப் பெட்டிகள் அப்படிச் சேர்த்து அடுக்கித்தான் வருகின்றன, வாங்கியதும் பிரித்து வையுங்கள்.

கிராங்க்பெய்ட்டின் மும்முனைக் கொக்கி நம் ஏரிப் பாசியில் ஒவ்வொரு வீச்சிலும் சிக்கும். ஸ்பின்னர்பெய்ட் திறந்த நீரில், செடி ஓரமாக ஓட்ட ஏற்றது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு டியூப் பயன்படும். ஸ்மால்மவுத்துக்கு மீடியம் லைட் (சற்று மெலிந்த) கோல், 6 முதல் 8 பவுண்டு நரம்பு போதும், பாறை அடியில் மெல்ல இழுக்க வேண்டும். அந்தந்த மாநில உரிமம் எடுக்காமல் தூண்டில் போடக்கூடாது.

இங்கே மட்டும் போடுவதாக இருந்தால் முழுப் பெட்டி தேவையில்லை. தடித்த கொக்கியுள்ள தவளை இரண்டும், புழு ஒரு பாக்கெட்டும், கொக்கி, ஈயமும் தனியாக வாங்குங்கள். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்தால் அடியில் தாய் தந்தை விரால் காவல் நிற்கும். அங்கே லூரைப் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.