‘சுட்ட’ ஃபாசில் கோரல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட், ஈப்போ, குவாலாகங்சார் பக்கம் கல் தேய்க்கிற பொழுதுபோக்கு உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஃபாசில் கோரல் என்றால் கல்லாகிப்போன பழைய பவளப்பாறை. ஃபேஸ்புக் லைவில் ஒருவர் ‘சுமத்ரா ஃபாசில் கோரல், சூளையில் பக்குவமாகச் சுட்டது, ரத்தச் சிவப்பு’ என்று கிலோ கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறார். நானும் வாங்கினேன். ஒன்றரைக் கிலோ, கூரியர் செலவோடு 420 வெள்ளி (ரிங்கிட்). வந்தது சாயம் ஏற்றிய சுண்ணாம்புக் கல். விவகாரம் டிரிபியூனலுக்கு (பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு)ப் போயிருப்பதால் ஆள் பெயரை இங்கே போடவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலில் வளர்ந்த பவளப்பாறை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்போது, சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் அதற்குள் ஊறும். பல லட்சம் ஆண்டுகளில் சுண்ணாம்பு கரைந்துபோய் அந்த இடத்தில் அகேட் என்கிற கெட்டியான சிலிக்கா வகைக் கல் உட்காரும். பூப்பூவான வடிவம் மட்டும் அப்படியே நிற்கும். இப்படி மாறிய கல், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில், 6.5 முதல் 7 வரை. கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். மாறாமல் சுண்ணாம்பாகவே நின்றுவிட்ட கல் வெறும் 3. இரண்டையும் மேலே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏமாற்று வேலைக்கு வாசல் அதுதான்.

சுடுவது என்பது பொய்யான சங்கதி அல்ல. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 1979இல் இந்த அகேட் பவளத்தைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது. அங்கே வாழ்ந்த ஆதிகுடிகள் கருவி செய்ய இதே கல்லைத் தீயில் பதப்படுத்தியிருக்கிறார்கள். சுட்ட கல் சுலபமாகச் சில்லுச் சில்லாகப் பெயரும், நிறமும் ரோஸ், சிவப்பு என்று மாறும். காரணம் கல்லுக்குள் இருக்கிற இரும்பு. மஞ்சளும் பழுப்புமாக இருக்கிற இரும்புத் துரு ஏறத்தாழ 300 டிகிரி சூட்டில் நீரை இழந்து சிவப்பு ஹேமடைட் ஆகிவிடும். துண்டுகளை நன்றாகக் காயவைத்து, மணலில் புதைத்து, மெதுவாகச் சூடேற்றி, அதைவிட மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

ஆக, இரும்பு இல்லாத வெள்ளைக் கல்லை எந்தச் சூளையில் போட்டாலும் அது ரத்தச் சிவப்பு ஆகாது. மிருதுவான கல் சுட்டதால் கெட்டிப்படவும் செய்யாது. லைவில் அவர் “சுட்டா கல்லு இறுகிடும் பாஸ்” என்று அடித்துவிடுகிறார். இறுகுமாம்!

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில்தான் என் மெஷின். ஆறு அங்குல டைமண்ட் சக்கரங்கள், மேலே சொட்டுத் தண்ணீர். (தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே தேய்க்காதீர்கள், சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. மாஸ்க்கும் வேண்டும்.) ஒரு துண்டை முட்டை வடிவத்தில் வரைந்து, குச்சியில் மெழுகு வைத்து ஒட்டி 80 நம்பர் சக்கரத்தில் பிடித்தேன் (நம்பர் ஏற ஏறச் சக்கரம் நைஸாகும்). அகேட் என்றால் சக்கரம் கரகரவென்று முனகும், கை வலிக்கும், கல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். இது வெண்ணெய் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. கீழே தட்டில் பார்த்தால் தண்ணீர் பால் கலந்த ரோஸ் நிறத்தில் தேங்கியிருக்கிறது. வெள்ளை சுண்ணாம்பு மாவு, அதோடு சிவப்புச் சாயம். கை நகத்து ஓரமெல்லாம் சிவப்பு, சோப்புப் போட்டும் போகவில்லை.

220க்குப் போனபோது பூக்கள் வெளிற ஆரம்பித்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பூவிலும் நடுவிலிருந்து விரிகிற மெல்லிய கோடுகள் இருக்குமே, அந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சின்னத் துளைகளில் மட்டும் சிவப்பு அடைந்து கிடந்தது. விரிசல்களிலும் அதே சிவப்பு, கோடு கிழித்த மாதிரி. மற்ற இடமெல்லாம் சாக்பீஸ் வெள்ளை. 600 வந்ததும் சிவப்பே இல்லை. மேல்தோலில் ஊறிய சாயம், அவ்வளவுதான். நிஜமாகச் சுட்ட கல்லில் இரும்பு இருந்த பட்டை பட்டையாகச் சிவப்பு உள்ளே வரைக்கும் ஓடும், தேய்க்கத் தேய்க்க இன்னும் துலக்கமாகும்.

என் சித்தப்பா சின்னதாக ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட் அவர் கொட்டகையில் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் கலந்து, தேய்த்த பக்கத்தில் ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரை பொங்கியது. “இதுக்கா காசு குடுத்த? நம்ம ஊர் மலைச் சுண்ணாம்பும் இதையேதாம்மா செய்யும்” என்றார். கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் சுண்ணாம்பு மலைதான், அவர் சொன்னது சரி. ஆசிட் கிடைக்காதவர்களுக்கு வினிகரே போதும். நுரை கொஞ்சம் நிதானமாக வரும், கல்லைச் சுரண்டி அந்தத் தூளில் விட்டால் சீக்கிரம் தெரியும்.

வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது: “அக்கா, சுட்ட கல்லு ஆரம்பத்துல கொஞ்சம் கலர் விடும். நீங்க அழுத்தித் தேச்சிருப்பீங்க. பொம்பளைங்களுக்குச் சக்கரம் கொஞ்சம் கஷ்டந்தான்கா.” நான் அழுத்தித் தேய்த்ததில் கல்லுக்குச் சாயம் வந்துவிட்டதாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அறுத்த கல்லுக்கு ரிட்டர்ன் இல்லக்கா, லைவ்லயே சொல்லிட்டோம்” என்றார். அதன் பிறகு நீல டிக் மட்டும்தான் வருகிறது.

அந்த ஒரு வரியில்தான் வியாபாரமே நடக்கிறது. அறுக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அறுத்துவிட்டால் திருப்ப முடியாது.

சுண்ணாம்புப் பவளம் மட்டமான கல் என்று நான் சொல்லவில்லை. மிச்சிகனின் பெட்டோஸ்கி கல் அந்த வகைதான், 1965இலிருந்து அந்த மாநிலத்தின் கல்; உப்புத்தாளில் கையாலேயே தேய்த்து மினுக்குகிறார்கள். சுண்ணாம்பு என்று சொல்லி, சுண்ணாம்பு விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். மோதிரத்துக்கு மட்டும் ஆகாது, சீக்கிரம் கீறல் விழும்.

மோதிரம் என்றதும் இன்னொன்று. இதே ஆள் இதே கல்லை ‘பவளம், செவ்வாய்க்கு உகந்தது’ என்று மோதிரமாகவும் கட்டி விற்கிறார். பக்கத்து வீட்டு அக்கா மகளுக்காக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். நவரத்தினத்தில் சொல்கிற பவளம் வேறு. அது மத்தியதரைக்கடல் போன்ற இடங்களில் எடுக்கிற சிவப்புப் பவளம், இயற்கையிலேயே அந்த நிறம், இந்த மாதிரிப் பூப்பூவான டிசைன் அதில் இருக்காது. நகைக்கடைப் பத்தர் மோதிரத்தைப் பார்த்ததும் நகப்பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒரு தேய் தேய்த்தார். பஞ்சு சிவந்துவிட்டது. அக்கா எதுவும் பேசாமல் மோதிரத்தைப் பர்சில் போட்டுக்கொண்டார்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பணம் அனுப்புவதற்கு முன்னால் அறுத்த பக்கத்தை ஈரமாக்கி வீடியோ கேளுங்கள். ஒரு துண்டைக் கத்தி முனையால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். அகேட் விற்கிறவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பஞ்சு டெஸ்டை மட்டும் நம்ப வேண்டாம், எல்லாச் சாயமும் ரிமூவருக்கு இளகாது. ‘சுட்டது, அகேட் ஆனது’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; லைவ் வீடியோ மறுநாளே காணாமல் போய்விடுகிறது, ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன்படி, சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்தியிருக்க வேண்டும். ‘ரிட்டர்ன் இல்லை’ என்று சொல்லிவிட்டதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. டிரிபியூனலில் பாரம் 1 நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அலைச்சல் எல்லாம் எதிராளியின் பெயரையும் முகவரியையும் கண்டுபிடிப்பதில்தான். ஆன்லைனில் விற்கிறவர் அவற்றை வெளிப்படையாகப் போட வேண்டும் என்பது விதி, இவர் போடவில்லை. வங்கி ரசீதில் இருந்த பெயரும் கூரியர் பையில் இருந்த முகவரியும்தான் எனக்கு உதவின. பையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் கல்லை இனி அறுக்க வேண்டாம். ஒன்றிரண்டு துண்டையாவது வந்த பையோடு அப்படியே வைத்திருங்கள். நான் தேய்க்காமல் மீதி வைத்த துண்டுகளைத்தான் ஆதாரமாகக் கொண்டுபோகிறேன். மனு போட நினைப்பவர்கள் மெசேஜ் பண்ணுங்கள், என் பாரத்தின் நகல் தருகிறேன்.