சீக்கிரம் திரும்புவதா, தங்கியிருப்பதா?

பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறேன்: வெளிநாட்டுக்கு அனுப்பிய படையைத் தேதி குறித்து வைத்துக்கொண்டு திரும்பப் பெறக் கூடாது.

ஈராக்கிலிருந்து அமெரிக்கப் படை 2011 டிசம்பரில் வெளியேறியது. தங்கியிருக்கும் வீரர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தர பாக்தாத் சம்மதிக்கவில்லை என்பதும் உண்மைதான். 2014 ஜூனில் அந்நாட்டின் மொசூல் நகரம் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தது. ஈராக் சிப்பாய்கள் கழற்றிப் போட்ட சீருடைகள் சாலையோரம் கிடந்த படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேலதிகாரிகள் பலர் முன்பே ஓடிவிட்டார்கள், கைகொடுக்கவும் ஆளில்லை.

கொரியாவில் 1953 ஜூலையில் போர்நிறுத்தம். தென் கொரியாவில் சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இன்றும் இருக்கிறார்கள். செலவு அதிகம், குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வேதனையும் உண்டு. ஆனால் 1950-லும் 1951-லும் பறிபோன தென் கொரியத் தலைநகர் சியோல், அதன்பிறகு விழவே இல்லை.