செயலியை நீக்கினால் சந்தா நிற்காது: பாட்டுச் செயலியிடம் 2,028 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று மாலை அந்த நிறுவனத்திடமிருந்து கடைசிப் பதில் வந்தது. விதிமுறைகளின்படி பணத்தைத் திருப்பித் தர இயலாது, உங்கள் புகார் இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது என்று இரண்டே வரிகள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஒரு பாட்டுகூடக் கேட்காத பன்னிரண்டு மாதங்களுக்கு, மாதம் 169 ரூபாய் வீதம், என் கணக்கிலிருந்து 2,028 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். இணையத்தில் பாட்டு கேட்பதற்கான கட்டணச் செயலிகளில் அதுவும் ஒன்று. பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஒன்றை மட்டும் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, சந்தாவை முறையாக ரத்து செய்யும் வழியை முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் என் மகளுக்கு ஐந்து மாதம். நான் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். இரவு ஒரு மணிக்கு எழுந்தால் மூன்று மணி வரை அழுவாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்குவாள், பாட்டு ஒலித்தால் கண் மூடுவாள். கைப்பேசியில் தாலாட்டுப் பாட்டுகளை மெதுவாக ஓடவிட்டு நடப்பேன். ஆனால் அந்தச் செயலியில் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை விளம்பரம் வரும். பாட்டின் ஒலியைவிட விளம்பரத்தின் ஒலி அதிகம். அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை, வீட்டுக் கடன் வேண்டுமா என்று ஒருவர் உரத்த குரலில் கேட்டதும் திடுக்கிட்டு விழித்து, முன்னைவிட வீறிட்டு அழுவாள்.

ஆகஸ்ட் 9 அன்று நள்ளிரவு தாண்டி, அப்படி அவள் மூன்றாவது முறை விழித்துக்கொண்டபோது, திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. விளம்பரமே இல்லாமல் கேட்கலாம், முதல் மாதம் வெறும் 2 ரூபாய், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் நம்பினேன். 2 ரூபாய் என்பதற்காக அல்ல. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று அவர்களே எழுத்தில் சொல்கிறார்களே என்பதற்காக. இடது தோளில் குழந்தை, வலது கையில் கைப்பேசி. பெருவிரலால் தொட்டேன். யூபிஐ பக்கம் திறந்தது. நடுவில் பெரிய எழுத்தில் 2 ரூபாய் என்று இருந்தது. அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், மாதந்தோறும் என்றும் அதிகபட்சம் 499 ரூபாய் என்றும் 2054ஆம் ஆண்டில் முடியும் ஒரு தேதியும் இருந்தன. இவற்றை நான் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்த நேரத்தில் பின் எண்ணின் ஆறு இலக்கங்களைத் தட்டினேன், பாட்டு மறுபடி தொடங்கியது, குழந்தை தூங்கினாள். அந்த இரவில் நான் கொடுத்தது 2 ரூபாய் அல்ல, முப்பது ஆண்டுகளுக்கு என் கணக்கில் கைவைக்கும் அனுமதி.

மூன்று வாரத்தில் அம்மா பட்டுக்கோட்டையிலிருந்து வந்தார். கூடத்து உத்தரத்தில் பழைய பருத்திச் சேலையால் தூளி கட்டி, தன் குரலிலேயே பாடினார். அதற்குப் பிறகு எனக்குச் செயலியின் தேவையே இருக்கவில்லை. செப்டம்பர் 2 அன்று, முதல் மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே, அதைக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன். கெடுவுக்குள் நீக்கிவிட்டோம், இனி ஒன்றும் இல்லை என்று மனதார நம்பினேன். நீக்கும்போது, உங்கள் சந்தா நடப்பில் இருக்கிறது, அது தனியாக நிறுத்தப்பட வேண்டும் என்று ஒரு வரிகூட வரவில்லை.

2025 ஜூலை 28 அன்று பாஸ்புக்கைப் பதிவு செய்வதற்காக வங்கிக்குப் போனேன். ஓராண்டாகப் பதியாததால் அந்த இயந்திரம் பக்கம் பக்கமாக அச்சிட்டுக்கொண்டே இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், “இன்னும் எவ்வளவும்மா இருக்கு?” என்று கேட்டார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று புரட்டியபோதுதான், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதியில் 169.00 என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் கவனித்தேன். எதிரே இருந்தது பாட்டுச் செயலியின் பெயர் அல்ல. கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு கட்டண இடைநிறுவனத்தின் சுருக்கெழுத்துகள். பதினொரு வரிகள். 1,859 ரூபாய். பணம் எடுப்பதற்கு முன் வரும் முன்னறிவிப்புகள் வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தேடிப் பார்த்ததில், நான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட பழைய யூபிஐ செயலிக்குள், அதே புரியாத பெயரோடு, ஆங்கிலத்தில் அவை மாதாமாதம் வந்து கிடந்தன.

அன்றிரவே செயலியை மறுபடி பதிவிறக்கினேன். கைப்பேசி எண் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி வந்தது, கொடுத்தேன். உள்ளே போனால், நீங்கள் இலவசத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டியது. ரத்து செய்ய எதுவுமே இல்லை. அதுமட்டுமல்ல, முதல் மாதம் 2 ரூபாய், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற அதே அறிவிப்பு மீண்டும் என் முன்னால் வந்து நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

உதவிப் பக்கத்தில் உள்ள சாட்டில் கேட்டேன். முதலில் பதில் சொன்னது இயந்திரம். அது ஒரே பதிலை நான்கு முறை தந்தது. பிறகு வந்த மனிதர், “இந்த எண்ணில் கட்டணத் திட்டம் எதுவும் இல்லை மேடம், உங்கள் வங்கியை அணுகுங்கள்” என்றார். மறுநாள் வங்கிக்குப் போனால், அங்கிருந்த ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, “இது நீங்களே பின் நம்பர் போட்டுக் கொடுத்த அனுமதிம்மா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது, பணம் வாங்குற கம்பெனியைக் கேளுங்க” என்றார். கம்பெனி வங்கியைக் கேட்கச் சொல்கிறது, வங்கி கம்பெனியைக் கேட்கச் சொல்கிறது. இடையில் ஒரு நாள் விடுப்பும் போனது.

காரணத்தை நானேதான் கண்டுபிடித்தேன். அந்த நள்ளிரவில் நான் உள்நுழைந்தது மின்னஞ்சல் வழியாக. இப்போது எண்ணைக் கொடுத்தபோது, எனக்கே தெரியாமல் இரண்டாவதாக ஒரு புதிய கணக்கைத் திறந்துவிட்டார்கள். பணம் பழைய கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது, நான் புதிய கணக்கில் நின்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசிய உதவியாளர்களில் ஒருவராவது, வேறு எண்ணிலோ மின்னஞ்சலிலோ பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 30 அன்று சரியான கணக்கில் நுழைந்தேன். செயலிக்குள் சந்தா எடுக்க ஒரு பொத்தான் போதும். ரத்து செய்ய மட்டும் இணையதளத்துக்குப் போக வேண்டுமாம். அங்கே ஐந்து பக்கங்கள். ஏன் விலகுகிறீர்கள் என்று ஒரு பக்கம். எவையெல்லாம் கிடைக்காமல் போகும் என்று ஒரு பக்கம். பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பக்கம். ரத்து செய்ய வேண்டாம், மூன்று மாதம் நிறுத்திவையுங்கள் என்று ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் தடித்த பச்சைப் பொத்தானில் ‘சந்தாவைத் தொடர்க’ என்று இருந்தது. அதற்குக் கீழே, பொத்தான் என்றே தெரியாத வெளிறிய எழுத்தில் ‘ரத்தைத் தொடர்க’ என்று இருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். கவனமாகக் கீழே உள்ளதையே தொட்டேன். உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று வந்தது. மின்னஞ்சலில் உறுதி எதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் 8 அன்று, நாளை 169 ரூபாய் எடுக்கப்படும் என்ற முன்னறிவிப்பு வந்தது. உடனே சாட்டில் கேட்டேன். “உங்கள் ரத்துக் கோரிக்கை பதிவாகியிருக்கிறது மேடம், அது தானாக வரும் செய்தி, பொருட்படுத்த வேண்டாம்” என்றார்கள். இரண்டாவது முறையாக நம்பினேன். 9ஆம் தேதி காலையில் 169 ரூபாய் போய்விட்டது. 1,859 ரூபாய் 2,028 ரூபாய் ஆனது. திரும்பக் கேட்டபோது, கடைசி உறுதிப்படுத்தலை நீங்கள் முடிக்கவில்லை என்றார்கள். நேற்று உங்கள் ஆள்தானே பதிவாகியிருக்கிறது என்று சொன்னார் என்றேன். அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சாட் பெட்டியை மூடியதும் உரையாடல் முழுவதும் மறைந்துவிடுகிறது; என்னிடம் எதுவும் இல்லை.

பிறகுதான் அந்தப் பழைய யூபிஐ செயலியைத் திறந்து, அதில் ஆட்டோபே என்ற பகுதிக்குள், அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதிகளின் பட்டியலுக்குள், போனேன். 169 ரூபாய்க்கான அனுமதி அங்கே இருந்தது. ரத்து என்பதைத் தொட்டு, பின் எண்ணைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை வங்கி ஊழியர் ஜூலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்டு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் வேறொரு பெயரில் பதில் வந்தது. நான் முன்பு எழுதியதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் கடைசியாகப் பாட்டு கேட்டது செயலியை நீக்குவதற்கு முன்பு, அது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம், எந்த நொடியில் அடுத்த பாட்டுக்குத் தாவினோம் என்பதையெல்லாம் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, ஒரு வாடிக்கையாளர் ஓராண்டாக உள்ளே நுழையவே இல்லை என்பது தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் மாதாமாதம் எடுத்திருக்கிறார்கள். வந்த பதில் இதுதான்: பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் வாடிக்கையாளரின் விருப்பம். நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு மாதம் இலவசமாகத் தருகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இலவச மாதத்தைப் பெறுவதற்கும் புதிதாக ஆட்டோபே அனுமதி கொடுக்க வேண்டுமாம்.

அவர்கள் விதிமுறை என்று சொல்லும்போது, நாட்டின் விதிமுறையையும் பார்ப்போம் என்று தேடினேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதைச் சிக்கலானதாகவும் நீண்டதாகவும் ஆக்குவது, ரத்து செய்யும் வழியை மறைத்துவைப்பது, அதற்கான குறிப்புகளைக் குழப்பமாக எழுதுவது எல்லாம் அதற்குள் அடங்கும். நான் கடந்து வந்த ஐந்து பக்கங்களையும் யாரோ அருகில் இருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாக எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் தேவையில்லை. 169 ரூபாய் அதில் எந்த மூலைக்கு? அறிவிப்பு என்ற சடங்கை முடித்துவிட்டு அமைதியாக எடுத்துக்கொண்டே போகலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2,028 ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு மாதப் பால் கணக்கு. இவ்வளவு சிறிய தொகைக்கு இத்தனை அலைச்சலா என்று வீட்டில் அவர் கேட்கிறார். எல்லோரும் அப்படி நினைத்து விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் 169 என்று வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். அதனால் விடுவதாக இல்லை.

ரத்து செய்யும் வழியை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்றே உங்களிடம் உள்ள எல்லா யூபிஐ செயலிகளையும், பழையவை உட்பட, திறந்து ஆட்டோபே பகுதியில் என்னென்ன அனுமதிகள் இருக்கின்றன என்று பாருங்கள். அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் யாருடையது என்று விசாரித்து நிறுத்துங்கள். ப்ளே ஸ்டோர் வழியாகச் சந்தா எடுத்திருந்தால் அங்கே உள்ள சந்தாப் பட்டியலில் போய் ரத்து செய்ய வேண்டும், செயலியை நீக்குவது போதாது. எந்த மின்னஞ்சலில், எந்த எண்ணில் பதிந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அனுமதி கொடுக்கும் பக்கத்தில் பெரிய எண்ணை விட்டுவிட்டு, அதிகபட்சத் தொகையையும் முடிவுத் தேதியையும் பாருங்கள். நிறுவனம் ரத்தாகிவிட்டது என்று சொன்னாலும், முன்னறிவிப்பு வந்தால் அன்றைக்கே யூபிஐ பக்கத்திலும் நிறுத்திவிடுங்கள். சாட்டில் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வரியையும், பெட்டியை மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.