ஒரே நரகம், இரண்டு படம்

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நெடுங்கவிதை 'டிவைன் காமெடி'யில் முதல் பாகம் இன்ஃபெர்னோ, அதாவது நரகம். 1911இல் இத்தாலியில் இரண்டு கம்பெனிகள் அதைப் போட்டி போட்டு மௌனப் படமாக்கின. மிலானோ ஃபிலிம்ஸ் பெரிய கை. வருடக்கணக்கில் வேலை பார்த்து, ஒரு மணி நேரத்தைத் தாண்டும் படமாக எடுத்துக்கொண்டிருந்தது. ரோமுக்குப் பக்கத்தில் வெல்லெத்ரியில் இருந்த ஹேலியோஸ் சின்னக் கம்பெனி. அது கால் மணி நேரத்துக்கு ஒரு நரகத்தை மளமளவென்று எடுத்து, ஜனவரியிலேயே திரைக்கு விட்டுவிட்டது. மிலானோ படம் நேப்பிள்ஸில் வந்து சேர்ந்தது மார்ச்சில்தான்.

ஹேலியோஸ் படம் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம். ஒரு தண்டனையைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆனாலும் அலுக்கவில்லை, அது சின்ன விஷயமல்ல.

மிலானோவின் பலம் பொறுமை. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே இந்த நரகத்துக்காக வரைந்து 1861இல் வெளியிட்ட ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காட்சிகளை அமைத்திருக்கிறார்கள். பெர்ட்ரான் தெ போர்ன் என்ற பழைய பிரெஞ்சுப் பிரபு வரும் இடத்தைப் பாருங்கள். தந்தையையும் மகனையும் பிரித்த பாவத்துக்கு, வெட்டுண்ட தன் தலையைத் தானே தூக்கிக்கொண்டு நிற்கிறான். கவிதையில் லாந்தர் விளக்கைப் போல என்று வருகிறதே, அதே மாதிரி. கறுப்புப் பின்னணி, ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம்பிடிப்பது என்று அந்தக் காலத்துத் தந்திரங்கள்தான். தெரிந்து பார்த்தாலும் கழுத்துக்கு மேலே இருக்கும் வெறுமையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பீசா நகரத்துப் பிரபு உகோலினோ பனிக்குள் புதைந்து எதிரியின் மண்டையைக் கடிப்பதோடு விடாமல், அவனும் பிள்ளைகளும் கோபுரத்தில் பட்டினி கிடந்து செத்த பழைய கதைக்கும் போய்வருகிறார்கள்.

குறையும் உண்டு. கேமரா நட்ட கம்பம்போல நிற்கிறது. நடக்கப்போவதை எழுத்து அட்டை கட்டியங்காரன் மாதிரி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அப்புறம்தான் காட்சி. கவிதையைப் படித்திராதவர்களுக்கு அது உதவி. படித்தவர்களுக்குக் கொஞ்சம் இழுவை.

வியாபாரத்தில் முந்தியது ஹேலியோஸ். இத்தாலியின் முதல் முழுநீளப் படம் என்ற பெயர் மிலானோவுக்குப் போனது. என் ஓட்டும் அதற்கே. ஒன்று மட்டும்: பின்னாளில் டிவிடிக்காகச் சேர்த்த எலெக்ட்ரானிக் இசை எனக்கு ஒட்டவே இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.